கொடுவாவைக் காணோம்: ஜாவாவில் மேப் பழகுவோருக்கு

என் சித்தி கடலூர் முதுநகரில் மீன் வியாபாரம் செய்கிறார். துறைமுகத்தில் காலை ஏலம் முடிந்ததும் அன்றைய விலையை எழுதி வைக்க, யாராவது போனில் கேட்டால் தேடிச் சொல்ல, ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். மூன்றாம் நாள் விடிகாலையில் அழைப்பு. "ஏம்பா, எல்லா மீனும் வருது, கொடுவாவ மட்டும் காணோமே?" போய்ப் பார்த்தேன். முழுப் பட்டியலையும் திறந்தால் கொடுவா கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. தேடும் பெட்டியில் கொடுவா என்று அடித்தால் இல்லை என்கிறது. அரை நாள் மண்டையைக் குடைந்த பிறகுதான் காரணம் பிடிபட்டது. அதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

அந்த நிரலின் நடுவில் இருந்தது ஒரு மேப். கிளாஸ், ஆப்ஜெக்ட், லிஸ்ட், ஃபார் லூப் வரை வந்துவிட்டவர்கள் மேப் என்றதும் கொஞ்சம் தயங்குவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகத்தான் இது. ஜாவாவை வைத்துச் சொல்கிறேன். பைத்தானில் இதற்கு டிக்ட், சி ஷார்ப்பில் டிக்‌ஷனரி. பெயர் வேறு, புத்தி ஒன்று.

நிரல் வரிகளை வாய்விட்டுச் சொல்வது போலத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். கணினியில் அடிக்கும்போது ஜாவாவின் சொற்களை ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். மாறியின் பெயர் மட்டும் தமிழிலேயே இருக்கலாம். விலை என்று பெயர் வைத்தால் ஜாவா மறுக்காது.

முதலில் டோக்கன்

திருப்பாதிரிப்புலியூரில் பாடலீஸ்வரரைப் பார்க்கப் போகிறீர்கள் என்று வையுங்கள். வாசலில் செருப்பை விட்டால் கையில் ஒரு டோக்கன் வரும். திரும்பி வந்து டோக்கனை நீட்டினால் செருப்பு வரும். செருப்பு என்ன நிறம், என்ன அளவு என்று யாரும் கேட்பதில்லை. டோக்கன் எண் போதும்.

டோக்கன்தான் கீ, செருப்புதான் வேல்யூ. நான் இங்கே சாவி, மதிப்பு என்று எழுதுகிறேன். ஒரே எண்ணில் இரண்டு டோக்கன் இருந்தால் சண்டை வரும். ஒரே மாதிரி செருப்பு பத்து ஜோடி இருந்தால் பிரச்சினை இல்லை. மேப்பிலும் அப்படித்தான். ஒரு சாவி ஒருமுறைதான் இருக்கும், ஒரே மதிப்பு எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம்.

லிஸ்ட்டில் பொருளை எடுக்க அது எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். மேப்பில் பெயரைச் சொல்லிக் கேட்கலாம்.

முதல் படி: மேப்பை உருவாக்கிப் போடுவது

மேப்<ஸ்ட்ரிங், இன்டிஜர்> விலை = நியூ ஹேஷ்மேப்<>();
விலை.புட்("வஞ்சிரம்", 900);
விலை.புட்("சங்கரா", 350);
விலை.புட்("நெத்திலி", 200);

விலைகள் எடுத்துக்காட்டுக்குத்தான், என்னிடம் பேரம் பேச வேண்டாம்.

கோணக் குறிக்குள் முதலில் இருப்பது சாவியின் வகை, அடுத்தது மதிப்பின் வகை. வெறும் இன்ட் என்று அங்கே எழுத முடியாது, இன்டிஜர் என்றுதான் எழுத வேண்டும். இடது பக்கம் மேப், வலது பக்கம் ஹேஷ்மேப் என்று இருப்பதைக் கவனியுங்கள். மேப் என்பது இன்டர்ஃபேஸ். என்னென்ன செய்யலாம் என்ற ஒப்பந்தம். ஹேஷ்மேப் அந்த ஒப்பந்தத்தை நிறைவேற்றும் ஒரு கிளாஸ். நாளைக்கு ஹேஷ்மேப்புக்குப் பதில் வேறொன்று வேண்டும் என்றால் வலது பக்கம் ஒரு சொல்லை மாற்றினால் போதும், மற்ற நிரலைத் தொட வேண்டாம். கடைசியில் எனக்கு அந்த மாற்றம் தேவைப்பட்டது.

இருக்கிற சாவியிலேயே மறுபடி புட் செய்தால் பழைய மதிப்பு போய்ப் புதியது உட்காரும். பிழைச் செய்தி எதுவும் வராது. வெளியே வந்த பழைய மதிப்பைப் புட் திருப்பித் தரும், வேண்டுமானால் வாங்கிக்கொள்ளலாம். "நேற்று 900, இன்று 950" என்று காட்ட இது போதும்.

இரண்டாம் படி: கேட்டு எடுப்பது

விலை.கெட்("சங்கரா") என்றால் 350 வரும். விலை.கெட்("சுறா") என்றால்? சுறாவை நாம் போடவே இல்லை. ஜாவா நல் என்று தரும், அதாவது ஒன்றுமில்லை என்பதற்கான குறி. பைத்தானிலும் சி ஷார்ப்பிலும் இல்லாத சாவியைச் சதுர அடைப்புக்குள் எழுதிக் கேட்டால் அங்கேயே பிழை எழும். ஜாவா சத்தமில்லாமல் நல்லைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடும். அதை இப்படி வாங்கினால்தான் வெடிக்கும்:

இன்ட் ரூபாய் = விலை.கெட்("சுறா");

இன்ட் என்பதற்குள் நல்லை வைக்க முடியாது, அதனால் நல் பாயின்டர் எக்செப்ஷன். இந்த வரியில் புள்ளிக்கு முன்னால் இருக்கும் விலை நல் இல்லையே, பிறகு ஏன் வெடித்தது என்று புதியவர்கள் குழம்புவது இங்கேதான். இன்டிஜரை இன்ட் ஆக மாற்றும் வேலை கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது, அங்கே வெடிக்கிறது.

இதற்கு மருந்தாக கெட்ஆர்டிஃபால்ட் என்ற மெத்தட் 2014-இல் ஜாவா 8-உடன் வந்தது. விலை.கெட்ஆர்டிஃபால்ட்("சுறா", 0) என்றால், சுறா இல்லாதபோது 0 வரும். வெடிக்காது. ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. சித்தியின் பட்டியலில் பாதி மீன் இருக்காது. அப்போது திரையில் வஞ்சிரம் 0 ரூபாய் என்று வந்தால் என்ன அர்த்தம்? இலவசம் என்று அர்த்தம். "இல்லை" என்பதும் "பூஜ்யம்" என்பதும் ஒன்றல்ல. எண்ணிக்கைக்கு 0 சரியான பதில், விலைக்கு அது தப்பான பதில். இருக்கிறதா என்று முதலில் கேட்க கன்டெய்ன்ஸ்கீ இருக்கிறது. அதில் கேட்டு, இல்லாவிட்டால் "இன்று வரவில்லை" என்று எழுதுங்கள்.

மூன்றாம் படி: சுற்றி வருவதும் சேர்ப்பதும்

மேப் முழுவதையும் ஒரு சுற்றுப் பார்க்க என்ட்ரிசெட் போதும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சாவி மதிப்பு ஜோடி கையில் கிடைக்கும். கெட்கீ, கெட்வேல்யூ என்று இரண்டையும் எடுக்கலாம். கீசெட்டில் சுற்றிக்கொண்டே உள்ளே மறுபடி கெட் போட்டுத் தேடுவது வீண் வேலை. தப்பில்லை, ஆனால் பார்ப்பவர் முகம் சுளிப்பார்.

சுற்றிக்கொண்டிருக்கும்போதே மேப்பிலிருந்து ஒன்றை ரிமூவ் செய்தால் கன்கரன்ட் மாடிஃபிகேஷன் எக்செப்ஷன் வரும். பெரும்பாலும் வரும். சில நேரம் வராமலும் தப்பிக்கும், அதுதான் இன்னும் மோசம். நீக்குவதற்கு ரிமூவ்இஃப் என்ற மெத்தடை என்ட்ரிசெட்டின் மேல் கூப்பிடுங்கள். எந்த நிபந்தனைக்கு எதை நீக்க வேண்டும் என்று சொன்னால் போதும், அதுவே பார்த்துக்கொள்ளும்.

அப்புறம், கூட்டுவது. ஒரு நாளில் ஒரே மீன் பல படகில் வரும். முதல் படகில் நெத்திலி 40 கிலோ, இரண்டாவதில் 25. மேப்பில் இருந்தால் எடுத்துக் கூட்டு, இல்லாவிட்டால் புதிதாகப் போடு என்று நான்கு வரி இஃப் எழுதுவார்கள். அதற்கு மெர்ஜ் இருக்கிறது. கிலோவை வைக்கும் மேப்புக்கு எடை என்று பெயர் வைத்தால்:

எடை.மெர்ஜ்("நெத்திலி", 25, இன்டிஜர்::சம்);

இல்லாவிட்டால் 25-ஐப் போடும், இருந்தால் பழையதோடு கூட்டும். ஒவ்வொரு மீனுக்கும் படகுகளின் பட்டியலையே வைக்க வேண்டும் என்றால் மதிப்பாக ஒரு லிஸ்ட்டை வையுங்கள். சாவி இல்லாதபோது காலி லிஸ்ட்டை உருவாக்கிப் போட்டு, அதையே கையில் தருவதற்கு கம்ப்யூட்இஃப்ஆப்சென்ட். இந்த இரண்டையும் விரலுக்குப் பழக்கிவிட்டால் மேப்போடு செய்யும் அன்றாட வேலையில் பாதி முடிந்தது.

நான்காம் படி: உள்ளே என்ன நடக்கிறது

இதைத் தாண்டிப் போகலாம் என்று தோன்றும். போகாதீர்கள். அடுத்த படி புரிய இது வேண்டும்.

செருப்பு விடும் இடத்துக்கே திரும்புவோம். அங்கே 16 தட்டுகள் இருக்கின்றன, டோக்கன் எண்ணை 16-ஆல் வகுத்து வரும் மீதிதான் தட்டு எண் என்று வையுங்கள். டோக்கன் 35 என்றால் மீதி 3. மூன்றாம் தட்டுக்கு நேராகப் போகலாம். அந்தத் தட்டில் 3, 19, 35 என்று மூன்று ஜோடி இருந்தால் அந்த மூன்றில் மட்டும் எண்ணைப் பார்த்தால் போதும். ஆயிரம் ஜோடியையும் புரட்ட வேண்டியதில்லை.

ஹேஷ்மேப் செய்வது ஏறக்குறைய இதுதான். சாவி எண்ணாக இல்லாமல் "வஞ்சிரம்" என்ற சொல்லாக இருந்தால் முதலில் அதை ஒரு எண்ணாக்க வேண்டும். அதைச் செய்வது ஹேஷ்கோட் என்ற மெத்தட். ஸ்ட்ரிங்கில், இதுவரை வந்ததை 31-ஆல் பெருக்கி அடுத்த எழுத்தின் எண்ணைக் கூட்டிக்கொண்டே போகும். அந்த எண்ணை வைத்துத் தட்டு முடிவாகும். தட்டை ஜாவாக்காரர்கள் பக்கெட் என்பார்கள். பக்கெட்டுக்குப் போன பிறகு, அங்கே இருப்பவற்றில் நாம் கேட்டது எது என்று ஈக்வல்ஸ் மெத்தடால் ஒப்பிட்டுப் பார்க்கும்.

ஆக, தேடல் இரண்டு கட்டம். ஹேஷ்கோட் சொன்ன பக்கெட்டுக்குப் போ, அங்கே ஈக்வல்ஸ் ஆமாம் என்றதை எடு. இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு வேறு சொல்லுக்கு ஒரே ஹேஷ்கோட் வரலாமா? வரும். ஆங்கிலப் பெரிய எழுத்து ஏ, அதை அடுத்துச் சிறிய எழுத்து ஏ, இந்த இரண்டெழுத்துச் சொல்லுக்கு 2112. பெரிய எழுத்து பி இரண்டு முறை வந்தாலும் 2112. நம்பாவிட்டால் 65-ஐ 31-ஆல் பெருக்கி 97-ஐக் கூட்டுங்கள். அப்புறம் 66-ஐ 31-ஆல் பெருக்கி 66-ஐக் கூட்டுங்கள். இரண்டும் ஒரே பக்கெட்டில் விழும், ஈக்வல்ஸ் பிரித்துவிடும். அதனால் தவறு நேராது, வேகம்தான் கொஞ்சம் குறையும்.

ஜாவாவின் ஹேஷ்மேப் 16 பக்கெட்டுடன் தொடங்கும். முக்கால் பங்கு நிறைந்ததும், அதாவது 12-ஐத் தாண்டிப் பதின்மூன்றாவது ஜோடி வந்ததும், 32 ஆகப் பெருகும். இருக்கிற எல்லாவற்றையும் புது இடங்களுக்குப் பிரித்து அடுக்கும். ஒரே பக்கெட்டில் கூட்டம் மிஞ்சிப் போனால், ஜாவா 8-இலிருந்து அந்தப் பக்கெட்டே ஒரு மரமாக மாறிக்கொள்ளும். இதெல்லாம் தானாக நடப்பவை. நீங்கள் கை வைக்க வேண்டியதில்லை. இப்படிப் பக்கெட்டுகளை மாற்றி அடுக்குவதால் ஹேஷ்மேப்பில் வரிசை என்று ஒன்று கிடையாது என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

ஐந்தாம் படி: சாவியைத் தேர்ந்தெடுப்பது

மேப்பில் என் அனுபவத்தில் வந்த கோளாறுகளில் பெரும்பாலானவை சாவியால் வந்தவை. மேப்புக்கு நம் ஊரும் தெரியாது, மீனும் தெரியாது. ஈக்வல்ஸ் ஆமாம் என்கிறதா, இல்லையா, அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

புதுச்சேரியையே எடுங்கள். 2006 அக்டோபரில் அதிகாரப் பெயர் பாண்டிச்சேரியிலிருந்து புதுச்சேரி என்று மாறியது. நாம் பேச்சில் பாண்டி என்கிறோம், எழுதும்போது புதுவை என்பவரும் உண்டு. கடலூர் பஸ் நிலையத்தில் நின்று இந்த நாலில் எதைச் சொல்லிக் கேட்டாலும் ஒரே பஸ்ஸைத்தான் கை காட்டுவார்கள். மேப் அப்படி இல்லை, நாலு பெயருக்கு நாலு ஊர் என்று வைத்துக்கொள்ளும். கடலூரில் முதுநகரை ஓ.டி. என்போமே, அதே கதை. ஆகவே ஆட்கள் கையால் அடிக்கும் பெயரைச் சாவியாக்காமல், மாறாத குறியீடு ஏதாவது இருந்தால் அதைச் சாவியாக்குங்கள். பெயர் மதிப்பின் பக்கம் இருக்கட்டும்.

குறியீடு என்றதும் தொலைபேசி எஸ்.டி.டி. எண்ணை எடுப்பவர்கள் உண்டு. புதுச்சேரிக்கு 0413, கடலூருக்கு 04142. இதில் இரண்டு பொறி இருக்கிறது. முதல் பொறி: இதை எண் என்று நினைத்து இன்ட் ஆக 0413 என்று எழுதினால், முன்னால் பூஜ்யம் இருப்பதால் ஜாவா அதை எட்டடிமான எண்ணாகப் படிக்கும். அச்சிட்டுப் பாருங்கள், 267 என்று வரும். 04142 போட்டால் 2146. கூட்டவோ பெருக்கவோ போகாத எண் எதுவும் உண்மையில் எண் அல்ல, எழுத்துத் தொடர். போன் நம்பர், பின்கோடு, வண்டி நம்பர் எல்லாம் இந்தக் கணக்கில்தான். அவற்றை ஸ்ட்ரிங்காக வையுங்கள். இரண்டாவது பொறி: பண்ருட்டிக்கும் நெய்வேலிக்கும் கூட 04142-தான். ஊரைச் சாவியாக்கி எண்ணை மதிப்பாக வைத்தால் சரியாக இருக்கும். திருப்பிப் போட்டு எண்ணைச் சாவியாக்கினால், கடைசியில் போட்ட ஊர் மட்டும் மிஞ்சும். மற்றவை சத்தமில்லாமல் அழிந்திருக்கும்.

வண்டிப் பதிவெண் முன்னொட்டு இதைவிட நல்ல சாவி. டி.என். 31 கடலூர். பி.ஒய். 01 புதுச்சேரி, 02 காரைக்கால், 03 மாஹே, 04 ஏனாம். இப்படி அரிதாகவே மாறும் சின்னப் பட்டியலுக்கு ஜாவா 9-இல் வந்த மேப்.ஆஃப் வசதியானது. அதில் உருவாக்கிய மேப்பில் பிறகு புட் செய்ய முடியாது, செய்தால் எக்செப்ஷன். உருவாக்கும்போதே ஒரு சாவியை இரண்டு முறை எழுதிவிட்டாலும் பிழை காட்டும். கையால் அடிக்கும் பட்டியலுக்கு இந்தக் கண்டிப்பு நல்லது.

இப்போது கொடுவா. பெயரை இரண்டு பேர் இரண்டு விதமான விசைப்பலகையில் அடித்திருந்தார்கள். தமிழில் "கொ" என்பதை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தை அடுத்து ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம். அல்லது ஒற்றைக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறியீடாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. ஆனால் நீளத்தை அச்சிட்டால் ஒன்று 6, இன்னொன்று 7. ஈக்வல்ஸ் இல்லை என்கிறது, ஹேஷ்கோட் வேறு வருகிறது. வஞ்சிரத்திலும் சங்கராவிலும் ஒகரமோ ஓகாரமோ இல்லை, அதனால் அவை தப்பித்தன. நீளத்தை அச்சிட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே அரை நாள் ஆனது.

தீர்வு ஒரு வரிதான். நார்மலைசர் என்ற கிளாஸ் ஜாவாவிலேயே இருக்கிறது. அதில் என்.எஃப்.சி. வடிவத்தைக் கேட்டால், பிரிந்து கிடக்கும் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியீடாக்கித் தரும். கூடவே முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும் வெற்றிடத்தை ஸ்ட்ரிப் செய்துவிடுங்கள். முக்கியமானது, போடும்போதும் எடுக்கும்போதும் இரண்டு இடத்திலும் செய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் செய்தால் பழைய கதைதான். ஔகாரத்துக்குப் பதில் ஒகரமும் ளகரமும் அடித்து வைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அதை நார்மலைசராலும் சரி செய்ய முடியாது, அது உண்மையிலேயே வேறு எழுத்து.

அடுத்தது, நாமே எழுதிய கிளாஸைச் சாவியாக்குவது. அதே வஞ்சிரம் முதுநகரில் ஒரு விலை, புதுச்சேரி தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் ஒரு விலை. சாவி இப்போது மீன், இடம் என்ற ஜோடி. இரண்டு ஸ்ட்ரிங்கையும் ஒட்டி ஒரே ஸ்ட்ரிங்காக்கும் குறுக்கு வழி வேண்டாம். 1-ஐயும் 23-ஐயும் ஒட்டினாலும் 123, 12-ஐயும் 3-ஐயும் ஒட்டினாலும் 123. மீன்இடம் என்று ஒரு கிளாஸ் எழுதி அதைச் சாவியாக்குங்கள். ஆனால் கிளாஸில் ஈக்வல்ஸும் ஹேஷ்கோடும் எழுதாமல் விட்டால், நியூ போட்ட ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டும் தன்னைத் தவிர வேறு எதற்கும் சமம் இல்லை. வஞ்சிரம், முதுநகர் என்று ஒன்றைப் போட்டுவிட்டு, அதே விவரத்தோடு இன்னொன்றை நியூ செய்து கேட்டால் நல்தான் வரும். இரண்டில் ஒன்றை மட்டும் எழுதினாலும் போதாது. ஹேஷ்கோட் இல்லாவிட்டால் வேறு பக்கெட்டில் போய்த் தேடும், ஈக்வல்ஸ் இல்லாவிட்டால் சரியான பக்கெட்டுக்குப் போயும் அடையாளம் தெரியாமல் திரும்பும். நான்காம் படியில் சொன்ன இரண்டு கட்டம் இதற்காகத்தான்.

ஜாவா 16-இலிருந்து ரெக்கார்ட் இருக்கிறது. ரெக்கார்ட் மீன்இடம்(ஸ்ட்ரிங் மீன், ஸ்ட்ரிங் இடம்) என்று ஒரே வரி எழுதினால் இரண்டு மெத்தடும் தானாக வந்துவிடும், உள்ளே இருப்பதை மாற்றவும் முடியாது. மாற்ற முடியாதது ஏன் நல்லது? சாவியை மேப்பில் போட்ட பிறகு அதன் ஃபீல்டை மாற்றினால் ஹேஷ்கோட் மாறிவிடும். ஜோடி பழைய பக்கெட்டிலேயே கிடக்கும், தேடுபவர் புது பக்கெட்டில் தேடுவார். ஸைஸ் கேட்டால் 1, கெட் கேட்டால் நல். டோக்கனைத் தொலைத்தால்கூட அடையாளம் சொல்லி வாங்கலாம். டோக்கனின் எண்ணை அழித்து வேறு எண் எழுதினால் என்ன செய்வது?

ஆறாம் படி: மேப்பைக் கிளாஸுக்குள் வைப்பது

இங்கே நான் கொஞ்சம் கறாராகப் பேசுவேன். மேப் பழகியதும் எதற்கெடுத்தாலும் மேப் போடும் ஆசை வரும். ஒரு படகின் விவரத்தை "பெயர்", "உரிமையாளர்", "நீளம்" என்று சாவிகள் வைத்து, மதிப்பின் வகையை ஆப்ஜெக்ட் என்று போட்டு ஒரு மேப்பாகவே எழுதிக் கொண்டுவருவார்கள். முதல் நாள் சுலபமாக இருக்கும். பத்தாம் நாள் எங்கோ "உரிமையாளர்" என்பதில் ஒரு கால் விட்டுப்போய் "உரிமையளர்" என்று அடித்திருப்பீர்கள். நல் வரும், கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லாது. நீளத்தை எடுக்கும் ஒவ்வொரு இடத்திலும் வகை மாற்றம் எழுத வேண்டும். என்னென்ன விவரம் இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் அது கிளாஸ். படகு என்று கிளாஸ் எழுதி ஃபீல்டுகளை வையுங்கள். என்ன சாவி வரும் என்று நிரல் ஓடும்போதுதான் தெரியும் என்றால் மேப். இன்று எந்த மீன் வரும் என்று ஏலம் முடியும்வரை யாருக்கும் தெரியாது, ஆகவே விலைப்பட்டியல் மேப். இரண்டும் சேர்ந்தும் வரும்: பதிவெண் சாவி, படகு ஆப்ஜெக்ட் மதிப்பு. பொருள்நோக்கு நிரலில் நான் அதிகம் எழுதுவது இந்த வடிவத்தைத்தான்.

மேப்பையும் அப்படியே வெளியில் திரிய விடக் கூடாது. விலைப்பட்டியல் என்று ஒரு கிளாஸ். அதற்குள் பிரைவேட் ஃபைனல் ஆக மேப். வெளியே தெரிவது இரண்டு மெத்தட் மட்டும்: பதி(மீன், ரூபாய்), கேள்(மீன்). நார்மலைசர் வேலையைத் தனி பிரைவேட் மெத்தடில் எழுதி, பதியும் கேளும் முதல் வரியிலேயே அதைக் கூப்பிட வேண்டும். ரூபாய் பூஜ்யத்துக்குக் கீழே போனால் பதி மறுக்க வேண்டும். நான் முதலில் எழுதியதில் மேப் வெளியே கிடந்தது, ஏழு இடத்தில் நேரடியாகப் புட்டும் கெட்டும் இருந்தன. கொடுவாவைச் சரி செய்ய ஏழு இடத்திலும் கை வைக்க வேண்டியிருந்தது. உள்ளே வைத்திருந்தால் ஒரே இடம்.

ஃபைனல் என்று போட்டால் உள்ளே இருப்பது மாறாது என்று நினைக்காதீர்கள். அந்த மாறியை வேறொரு மேப்பைக் காட்டும்படி மாற்ற முடியாது, அவ்வளவுதான். உள்ளே புட் தாராளமாக நடக்கும். முழுப் பட்டியலையும் வெளியே தர வேண்டியிருந்தால் மேப்.காப்பிஆஃப் செய்து நகலைத் தாருங்கள். மூலத்தைக் கொடுத்தால் வாங்கியவர் கிளியர் என்று ஒரு சொல் எழுதி உங்கள் கடையையே காலி செய்துவிடலாம்.

ஏழாம் படி: எந்த மேப்

பெரும்பாலும் ஹேஷ்மேப் போதும். பல த்ரெட், அதாவது நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் பல வேலைகள், ஒரே மேப்பைத் தொடும் என்றால் கன்கரன்ட்ஹேஷ்மேப். பழைய புத்தகங்களில் ஹேஷ்டேபிள் என்று ஒன்று வரும், புதிதாக எழுதுவோர் அதைத் தொட வேண்டாம். சாவி ஒரு எனம், அதாவது இன்னின்ன மதிப்புகள் மட்டும்தான் என்று முன்கூட்டியே எழுதி வைத்த வகை என்றால் எனம்மேப். புதுச்சேரியின் நான்கு பகுதிகளைப் போல எண்ணி முடித்துவிடக்கூடிய சாவிகளுக்கு அது கச்சிதம்.

வரிசை வேண்டும் என்றால்தான் பேச்சு நீளும். சாவிகளை எப்போதும் வரிசைப்படுத்தியே வைப்பது ட்ரீமேப். ஆனால் அது வைக்கும் வரிசை யூனிகோட் எண் வரிசை, நம் அகர வரிசை அல்ல. யூனிகோடில் னகரம் நகரத்துக்கும் பகரத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. நம் அகராதியில் அது கடைசி மெய். அதனால் கமலா, கனகா என்று இரண்டு பெயர் இருந்தால் ட்ரீமேப் கனகாவை முன்னால் வைக்கும், தமிழ் அகராதி கமலாவை முன்னால் வைக்கும். வகரத்துக்கும் ளகரத்துக்கும் இதே தகராறு உண்டு. தமிழ் வருகைப் பதிவேடு எழுதுபவர்கள் கட்டாயம் இதில் மாட்டுவார்கள். ஐ.சி.யூ. என்ற நிரல் தொகுப்பில் தமிழுக்கான வரிசை விதி இருக்கிறது. அதில் எது முன், எது பின் என்று ஒப்பிட்டுச் சொல்லும் கொலேட்டரை ட்ரீமேப் உருவாக்கும்போதே கொடுத்துவிட்டால் வரிசை சரியாகும்.

நானும் அப்படிச் செய்து, அழகாக அகர வரிசையில் பட்டியலைக் கொண்டுபோய்க் காட்டினேன். சித்தி ஒரு பார்வை பார்த்தார். "இறால், கொடுவா, சங்கரான்னு யாருப்பா கேப்பா? வர்றவங்க மொதல்ல வஞ்சிரம் இருக்கான்னுதான் கேப்பாங்க." அவருக்கு வேண்டியது அவர் வாயில் வரும் வரிசை. அதற்கு லிங்க்ட்ஹேஷ்மேப், போட்ட வரிசையை அப்படியே நினைவில் வைத்திருக்கும். வலது பக்கம் ஒரு சொல்லை மாற்றினேன். மறுநாள் சங்கரா விலை ஏறியது, அதே சாவியில் புது விலையைப் புட் செய்தார். இருந்த இடத்திலேயே மதிப்பு மட்டும் மாறியது, வரிசை கலையவில்லை. வஞ்சிரம் முதலிலேயே இருந்தது.